கட்டுச்சோற்றுக் கூடையோடு ராஜமலைக்கு

பரீட்சை முடிந்த மறுநாளே கார் கிளம்பிவிடுகிறது. கோவை, திருப்பூர், பொள்ளாச்சி, தாராபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பங்குனி கடைசி வந்தால் போதும், எங்காவது மலையேறியே ஆக வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். அதற்குச் சோம்பல்படுகிறவர்களின் பார்வை இயல்பாகவே உடுமலைப்பேட்டை வழியாக மூணாறு பக்கம் திரும்புகிறது. எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கலாம். அங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா. நம்மவர்கள் அதை ராஜமலை என்றே சொல்கிறார்கள்.

'இளவேனிலில் குடும்பத்தோடு ஒரு கார் பயணம்' என்று எழுதச் சொன்னால் எந்த ஹோட்டல், எத்தனை கொண்டைஊசி வளைவு, எங்கே செல்ஃபி என்றுதான் எழுத வேண்டும். அதெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. இந்தப் பாதையில் ஒருமுறை போனவருக்குக் கண்ணில் படுவது வேறு. காரின் பின்சீட்டில், பெரியவருக்கும் குழந்தைக்கும் நடுவே பத்திரமாக உட்கார்ந்து வருகிற சோற்றுக் கூடைதான் அது. இந்தக் கட்டுரை முக்கால்வாசி அந்தக் கூடையைப் பற்றியது.

அதற்கு முன்னால் தேதியைச் சொல்லிவிட வேண்டும். ஏமாந்து திரும்புகிற குடும்பங்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. ராஜமலையில் வரையாடு குட்டி போடும் காலம் தை, மாசியை ஒட்டி வருகிறது. மழைக்காலத்தில் இணை சேர்ந்த பெட்டைகள் ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒற்றைக் குட்டியை ஈனும். அதற்காகப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவது வழக்கம். ஏப்ரலில் திறப்பார்கள். தேதி வருஷத்துக்கு வருஷம் சில நாள் முன்பின்னாகும் என்பதால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. மார்ச்சில் போய் வாசலில் நின்றுகொண்டு, 'இவ்வளவு தூரம் வந்திருக்கோம், சித்த உள்ள விட்டாத்தான் என்னங்க?' என்று கேட்பவர்களுக்குக் காவலர் என்ன பதில் சொல்ல முடியும்? பேறுகாலத்தில் இருக்கும் வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைய நாமே யோசிப்போம்.

சரி, சித்திரையில் போகிறோம் என்றே வைத்துக்கொள்வோம்.

உடுமலையைத் தாண்டி காற்றாலைகளும் தென்னந்தோப்புகளும் பின்தங்கியதும் தெற்கே மலை எழுந்து நிற்கும். இடப்பக்கம் பிரிந்தால் அமராவதி அணை. முதலைகள் வாழும் நீர்த்தேக்கம் அது. பக்கத்திலேயே முதலைப் பண்ணையும் இருப்பதால் குழந்தைகள் காரைத் திருப்பச் சொல்லி அடம்பிடிக்கும். நேரே போனால் ஒன்பதாறு சோதனைச்சாவடி. அங்கிருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகம் தொடங்குகிறது. மலைச்சரிவில் வளைந்து வளைந்து சின்னாற்றைத் தொட்டால் மாநில எல்லை. அப்புறம் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம், மறையூர், தலையாறு, லக்கம் அருவி, கடைசியாக ராஜமலை வாசல். தேசியப் பூங்கா என்று நாம் டிக்கெட் வாங்குகிற இடத்துக்குப் பல கிலோமீட்டர் முன்பிருந்தே நாம் காட்டுக்குள்தான் இருக்கிறோம். பெரும்பாலோர் இதைக் கவனிப்பதே இல்லை. கண்ணாடிக்கு வெளியே இருப்பது அவர்கள் மனத்தில் வெறும் 'வழி'.

சின்னாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி. கேரளம் என்றாலே பச்சை என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்த இடம் ஒரு திடுக்கிடல். வருஷத்துக்கு ஐந்நூறு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. அண்ணாந்து பார்த்தால் தெரிகிற இரவிகுளத்து மேட்டில் அதைப்போலப் பல மடங்கு கொட்டுகிறது. கீழே உசிலையும் கள்ளியும் முள்ளும். பங்குனி, சித்திரையில் பாதி மரங்கள் இலையுதிர்த்து எலும்பாக நிற்கும். ஆற்றங்கரையில் மட்டும் நீர்மருது மரங்கள் பச்சைக் கோடு போட்டதுபோல ஓடும். அந்தக் கோட்டில்தான் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. கிளைக்குக் கிளை தாவித்தான் அதற்குப் பிழைப்பு. தரையில் நட்சத்திர ஆமை. 1984-ல் சரணாலயமான இந்த இடத்தின் பரப்பு சுமார் 90 சதுர கிலோமீட்டர்தான் என்றாலும், வறண்ட காட்டின் உயிர்வகைகள் இவ்வளவு நெருக்கமாக வாழும் இடம் கேரளத்தில் வேறு இல்லை. சின்னாறும் பாம்பாறும் கிழக்கே ஓடி நம் அமராவதியில் சேர்கின்றன. திருப்பூர், கரூர் வயல்களுக்குப் பாய்கிற தண்ணீர் இது.

இளவேனிலில் இந்தக் காட்டுக்குத் தண்ணீர்தான் கவலை. ஓடைகள் வற்றிவிடும். யானையும் காட்டெருமையும் மானும் ஆற்றை நோக்கி இறங்கும். ஆறும் சாலையும் பல இடங்களில் பக்கம் பக்கமாகப் போவதால், ஆற்றுக்கு வருகிற விலங்கு சாலையைத் தாண்டித்தான் வர வேண்டும். சரியாக அந்த மாதங்களில்தான் நாமும் கூட்டம் கூட்டமாக வருகிறோம். நிழல் கிடைத்த இடத்தில் காரை ஓரம் கட்டுகிறோம். கூடையைத் திறக்கிறோம்.

கொங்கு நாட்டுக் கூடை என்றால் சும்மாவா? அரிசியும்பருப்பும் சோறு ஒரு தூக்கில், தயிர்ச்சோறு ஒரு தூக்கில், தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய், உருளைக்கிழங்கு வறுவல், முறுக்கு, எள்ளுருண்டை, குழந்தைக்குப் பிஸ்கட்டும் சிப்ஸும், கடைசியில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஹோட்டலில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்வதை விட இது எவ்வளவோ மேல். காசும் மிச்சம். ஐந்து நிமிஷத்தில் குரங்கு வந்துவிடும். முதலில் ஒன்று, அப்புறம் குட்டியோடு ஒன்று, அப்புறம் ஒரு கூட்டம்.

'ஏனுங்க, அந்தத் தாய்க்குரங்கப் பாருங்க, குட்டியத் தூக்கிட்டு நிக்குது. பாவமா இருக்குதுங்க.'

'கண்ணு, அந்தப் பழத்த எடு. கையில குடுக்காத, தூக்கிப் போடு.'

'அம்மாயி, அது சிப்ஸ் திங்குமா?'

'எல்லாந் திங்கும் சாமி. போடு, போடு.'

இந்தப் பேச்சில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. பசித்த வாய்க்குச் சோறிடுவது நம் குணம். ஆஞ்சநேயரின் வம்சத்துக்குப் பழம் கொடுத்தால் புண்ணியம் என்பதும் பல வீடுகளில் நம்பிக்கை. ஆனால் அந்தத் தாய்க்குரங்கு பசியால் வந்து நிற்கவில்லை, பழக்கத்தால் வந்து நிற்கிறது. நாட்டுக்குரங்கு காய், கனி, தளிர், பூச்சி என்று நாளெல்லாம் தேடித் தின்னக்கூடியது. ஒரு வாழைப்பழத்தில் அதற்குக் கிடைக்கும் சர்க்கரையைக் காட்டில் சேர்க்க வெகுநேரம் அலைய வேண்டியிருக்கும். அப்படியிருக்கச் சாலையோரம் உட்கார்ந்தாலே கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு அது ஏன் மரம் ஏறப் போகிறது? கூட்டமே சாலையோரத்துக்குக் குடிவந்துவிடும். குட்டிகள் அங்கேயே வளரும். எந்தக் கார் நிற்கும், எது நிற்காது என்று அவை கணக்குப் போடப் பழகுவதற்குள் பல நசுங்கிப் போகும். பிழைத்தவை அடுத்தபடியாகக் காருக்குள் கைவிடும், பெண்களின் கைப்பையைப் பிடுங்கும், கடித்தும் வைக்கும். அப்புறம் அதே குடும்பத்தார், 'இங்கே குரங்குத் தொல்லை தாங்க முடியவில்லை' என்று அலுத்துக்கொள்வார்கள்.

மரத்துக்கும் நஷ்டம் உண்டு. தின்ற பழத்தின் விதையைக் காடெல்லாம் இறைக்கிற வேலை குரங்குடையது. சாலையோரம் சிப்ஸ் பொட்டலத்தை நக்கிக்கொண்டிருக்கும் குரங்கு எந்த விதையை எங்கே கொண்டுபோய்ப் போடும்?

குரங்கோடு நின்றால்கூடப் பரவாயில்லை. மிச்சச் சோறு கிடந்த இடத்துக்கு இரவில் பன்றி வரும், மான் வரும், உப்புச் சுவை தேடி யானையும் வரும். ஊறுகாய் எண்ணெய் பட்ட காகிதம், தயிர் ஒட்டிய பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. யானை உறையைப் பிரித்துத் தின்னாது, அப்படியே விழுங்கும். கோவை வனப்பகுதியில் யானைச் சாணத்தில் பிளாஸ்டிக் உறைகள் கிடப்பதைப் படத்தோடு நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். இந்தச் சாலையிலும் யானை உண்டு. ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டிய உடம்பு அதனுடையது. அதற்கு உங்கள் அரைத்தூக்குச் சோறு தொண்டையை நனைக்கக்கூடக் காணாது. ஆனால் அந்த ருசி அதன் நினைவில் நின்றுவிடுகிறது.

மூணாறு, மறையூர் பக்கம் 'படையப்பா' என்று ஊரார் பெயர் வைத்த கொம்பன் ஒன்று உலவுகிறது. நீண்ட தந்தம், நிதானமான நடை. பஸ்ஸை மறித்து நிற்கும், காய்கறிக் கடைக்குள் துதிக்கையை விடும், குப்பைக் கிடங்கில் மேயும். அதன் வீடியோக்களுக்கு ரசிகர் கூட்டம் உண்டு. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. காட்டில் மேய வேண்டிய ஒரு பெரிய விலங்கு பஜாரில் மேய்கிறதே என்ற எண்ணம் வந்தால் அந்த வேடிக்கை குறைந்துவிடும்.

அரிக்கொம்பனின் கதை இன்னும் கசப்பானது. மூணாறுக்கு அருகே சின்னக்கானல் பகுதியில் வீட்டு அடுக்களைகளையும் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய யானை அது. 2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதம் தாங்கவில்லை. மே 27-ஆம் தேதி கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. நம் ஊர்த் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் காட்டின. ஜூன் 5-ல் தமிழக வனத்துறை மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. இந்த முறை களக்காடு முண்டந்துறை. சொந்த மலையிலிருந்து அவ்வளவு தூரத்தில், பழக்கமில்லாத காட்டில், அந்த ஆண் யானை இறக்கிவிடப்பட்டது.

அரிக்கொம்பனின் வழித்தடத்தில் குடியிருப்புகள் எழுந்ததுதான் மூலகாரணம், சோற்றின் மேல் பழி போடுவது சரியில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் நிலத்தை மீட்பது உங்கள் கையிலும் என் கையிலும் இல்லை. கூடை நம் கையில் இருக்கிறது.

இலங்கையில் புத்தளை – கதிர்காமம் சாலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அடுத்த கட்டம் எப்படியிருக்கும் என்று தெரியும். கதிர்காமக் கந்தனைக் கும்பிடப் போகிற வண்டிகளிலிருந்து பழமும் கரும்பும் வாங்கிப் பழகிய யானைகள் அங்கே சாலை நடுவே வந்து நிற்கின்றன. கண்ணாடி இறங்கியிருந்தால் துதிக்கை உள்ளே வரும். கொடுத்தால் வழி கிடைக்கும். கொடுக்காவிட்டால் வண்டிக்குச் சேதாரம். யால தேசியப் பூங்காவை ஒட்டிய சாலை அது. நம் சின்னாற்றுச் சாலை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. வராமல் இருக்க என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

சட்டம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் தடை செய்கிறது. தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. நீலகிரியில் காலி மதுப்புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற ஏற்பாடு 2022-ல் வந்ததும் காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் காலைக் கிழிப்பதால்தான். ஆனால் வளைவுக்கு வளைவு ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடிக்கிறார்கள். தூக்குவாளியையும் வாழையிலையையும் யாரும் கேட்பதில்லை. 'நாங்க பிளாஸ்டிக்கே கொண்டு வரலீங்க, இலைதான்' என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, சோறு ஒட்டிய இலையைப் புதரில் வீசுகிறவர்கள் நம்மில் ஏராளம். இலை மட்கிவிடும். ஆனால் அதற்கு முன்பே குரங்கும் பன்றியும் சாலைக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் ஒழிப்பு என்று பத்து ஆண்டுகளாகப் பேசிப் பேசி, 'மட்குகிற எதையும் காட்டில் போடலாம்' என்ற எண்ணத்தை நாமே வளர்த்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

மறையூரை இரண்டு வரியில் தாண்டிப் போவது பாவம்தான். வேலிக்குள் நிற்கும் இயற்கைச் சந்தனக் காடு, பாறை மேல் கற்பலகைகளை நிறுத்தி மூடிய முனியறைகள், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற உருண்டை வெல்லம், ஆலையில் காய்ச்சும்போது தெருவெல்லாம் எழும் மணம். மறையூரைச் சுற்றியுள்ள அஞ்சுநாட்டு ஊர்களின் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், மதுரைப் பக்கமிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்த கதையைத் தமிழிலேயே சொல்வார்கள். சாப்பிட்டுக் கைகழுவவும் காப்பி குடிக்கவும் இங்கே கடைகள் உண்டு. இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியம்.

மறையூருக்கு மேலே காற்று குளிரும், தேயிலை தொடங்கும். ராஜமலைக்குச் சொந்தக் காரில் போக முடியாது. ஐந்தாம் மைல் வாசலில் இறங்கி, பூங்காவின் பஸ்ஸில் ஏறி, மேலே கொஞ்ச தூரம் தார்ப்பாதையில் நடக்க வேண்டும். 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் பார்வையாளருக்குத் திறந்திருப்பது இந்த ஓரம் மட்டும்தான். 'இவ்வளவு காசு கொடுத்து இவ்வளவுதானா?' என்ற முணுமுணுப்பு பஸ்ஸில் கேட்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. மிச்சப் புல்வெளியும் சோலையும் 2695 மீட்டர் ஆனைமுடியும் வரையாட்டுக்கே இருக்கட்டும். 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானதே அந்த ஆட்டுக்காகத்தான்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது என்று பள்ளிக்கூடத்தில் படித்த குழந்தை, அதைக் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கேரளத்துச் சரிவில்தான். ஏப்ரலில் போனால் இரண்டு மூன்று மாதக் குட்டிகள் பாறையில் தாவிக்கொண்டிருக்கும். தாய் ஆடு பார்வையாளரின் கைக்கெட்டும் தூரத்தில் மேயும். மற்ற மலைகளில் மனித வாடை பட்டாலே செங்குத்துப் பாறைக்குப் பாய்ந்துவிடுகிற ஆடு இங்கே மட்டும் ஏன் இப்படி? 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே ஆய்வு செய்த அமெரிக்க விலங்கியலாளர் கிளிஃபோர்ட் ரைஸ், ஆடுகளை நெருங்குவதற்கு உப்பு வைத்துப் பழக்கினார். ஆராய்ச்சிக்காகக் கணக்காகச் செய்த வேலை அது, அதனால் நமக்கு வரையாட்டைப் பற்றி எவ்வளவோ தெரியவந்தது. ஆனால் பாறை உச்சியில் ஒளிந்து வாழும் ஆடே உப்புக்காக மனிதனிடம் வந்தது என்றால், பிஸ்கட்டுக்குக் குரங்கும் அரிசிக்கு யானையும் வராமல் என்ன செய்யும்?

2025-ல் தமிழ்நாடும் கேரளமும் ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பில் இரு மாநிலத்திலும் சேர்த்து 2668 வரையாடுகள். உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் இரண்டு பந்தியில் உட்காருகிற கூட்டம். அதில் கணிசமான பங்கு நாம் நடந்து போகிற இந்த மேட்டில் வாழ்கிறது. நீலக்குறிஞ்சி பார்க்க வேண்டுமென்று கேட்பவர்களுக்கு: கடைசியாக 2018-ல் பூத்தது, அடுத்த பூப்பு 2030-ல். இப்போதே அறை விசாரிக்க வேண்டாம். அந்த வருஷம் வருகிற கூட்டத்தையும் அது கொண்டுவரும் கூடைகளையும் நினைத்தால்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

காரில் போகாதீர்கள் என்று சொல்லவரவில்லை. மாமனார், அத்தை, கைக்குழந்தை என்று மூன்று தலைமுறையை ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டு வழியாகப் போவது எந்த ஊர் ஹோட்டல் நீச்சல்குளத்தையும் விட நல்ல விடுமுறை. சோறும் கட்டிக்கொண்டு போங்கள். ஒன்பதாறு சாவடிக்கு முன்னால், உடுமலைத் தோப்பு நிழலில் சாப்பிட்டு முடியுங்கள். மிச்சம் இருந்தால் மூடி போட்டு டிக்கியில் பூட்டுங்கள், மறையூர் வரும்வரை திறக்காதீர்கள். சின்னாற்றில் படம் எடுக்கக்கூட இறங்க வேண்டாம், கண்ணாடியை இறக்காமல் மெதுவாக ஓட்டினாலே நிறையத் தெரியும். இருட்டும் முன் காட்டைத் தாண்டிவிடுங்கள். இலை, தோல், கொட்டை உட்பட எல்லாம் நீங்கள் கிளம்பிய வீட்டுக்கே திரும்பி வரட்டும். குரங்கைப் பார்த்துக் குழந்தை பழம் கேட்டால், உரித்துக் குழந்தையின் வாயிலேயே போடுங்கள்.